பிள்ளைக்கு ஆன்லைனில் தெரபி: கதவுக்கு இந்தப் பக்கம் இருந்து எழுதுகிறேன்

என் அண்ணன் மகளுக்கு ஒன்பது வயது நடக்கும்போது, மார்த்தாண்டத்திலிருந்து திரும்பி வரும் வழியில், ஆற்றூர் பக்கம் ஒரு டாரஸ் லாரி அவர்கள் ஸ்கூட்டரை இடித்துவிட்டது. அண்ணன் அந்த இடத்திலேயே இறந்துபோனார். பின்னால் இருந்த பிள்ளைக்கு இடது கை முறிவு மட்டும். கை ஆறு வாரத்தில் கூடிவிட்டது. மனசு கூடி வர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

மைனி, அதாவது அண்ணன் மனைவி, மஸ்கட்டில் நர்ஸ். வந்து நாற்பது நாள் இருந்தார். வீட்டுக் கடனும் வேலை ஒப்பந்தமும் அவரைத் திரும்பப் போக வைத்தன. பிள்ளை திருவட்டாறு பக்கம் என் வீட்டுக்கு வந்தாள். நான் தையல்காரி. முன்னறையில் மெஷின் போட்டு பிளவுஸ், சுடிதார், பள்ளி யூனிஃபார்ம் தைக்கிறேன். உள்ளறையில் வாரம் ஒரு நாள் வீடியோவில் பிள்ளைக்கு மனநலத் தெரபி நடக்கும்போது, கதவுக்கு இந்தப் பக்கம் இருந்தது நான்தான்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் அப்பாவோ அம்மாவோ வெளிநாட்டில், பிள்ளை பாட்டியிடம் அல்லது சித்தியிடம் என்று எத்தனையோ வீடுகள். அப்படி ஒரு வீட்டில் ஒரு பிள்ளைக்கு விபத்தோ, சாவோ, வேறு கொடுமையோ நடந்துவிட்டால், பார்த்துக்கொள்கிறவருக்கு உதவட்டும் என்று இதை எழுதுகிறேன்.

எப்போது ஆள் தேட வேண்டும்

முதல் சில வாரங்கள் எல்லாப் பிள்ளைகளும் ஆட்டம் கண்டுதான் இருப்பார்கள். அழுகை, கெட்ட கனவு, ஒட்டிக்கொண்டே திரிவது எல்லாம் இருக்கும். அந்த நேரத்தில் அவர்களுக்கு வேண்டியது தெரிந்த முகம், நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்குத் தூக்கம். நடந்ததைச் சொல்லச் சொல்லித் தோண்டக் கூடாது. துஷ்டிக்கு, துக்கம் விசாரிக்க, வந்தவர்கள் “லாரி எந்தப் பக்கமா வந்துச்சு மக்களே?” என்று பிள்ளையிடமே கேட்டார்கள். நான் தடுத்திருக்க வேண்டும். வந்தவர்களை எப்படித் தடுப்பது என்று பேசாமல் இருந்துவிட்டேன். நீங்கள் தடுங்கள். “பிள்ளை உறங்கட்டும்” என்று சொல்லி உள்ளே கூட்டிக்கொண்டு போய்விடுங்கள், போதும்.

அன்பான ஆட்கள் சுற்றி இருந்தால் நிறையப் பிள்ளைகள் தாமாகவே தேறிவிடுவார்கள். ஒரு மாதம் தாண்டியும் குறையாமல் இருந்தால், அல்லது கூடிக்கொண்டே போனால், ஆள் தேட வேண்டும். எங்கள் பிள்ளை மறுபடி படுக்கையில் மூத்திரம் போக ஆரம்பித்தாள். பள்ளி போகிற காலையில் வயிறு வலிக்கும், ஞாயிற்றுக்கிழமை வலிக்காது. ஏர்ஹாரன் சத்தம் கேட்டால் என் மெஷினுக்கு அடியில் போய் இருந்துகொள்வாள். எனக்குப் பெரிதாகத் தெரியாமல் போன ஒன்று அவள் விளையாட்டு. சின்ன பிளாஸ்டிக் ஸ்கூட்டரை நிறுத்துவாள், சில்வர் டம்ளரால் இடித்துத் தள்ளுவாள், நிமிர்த்துவாள், மறுபடி இடிப்பாள். முகத்தில் ஒரு சிரிப்பும் இருக்காது. விளையாட்டு முடியவும் முடியாது. பிள்ளை விளையாடுகிறதே என்று நான் நிம்மதிப்பட்டுக்கொண்டிருந்தேன். அதுவும் அடையாளம்தான் என்று பிற்பாடுதான் தெரிந்தது.

“நானும் அப்பாகிட்ட போறேன்” என்று பேசினாலோ, தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டாலோ, சாப்பாட்டை நிறுத்திவிட்டாலோ ஒரு மாதம் என்ற கணக்கெல்லாம் பார்க்க வேண்டாம். அன்றைக்கே 14416-ஐ அழையுங்கள். டெலி மானஸ் என்ற இலவச மனநல உதவி எண் அது. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது. ராத்திரி பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். எங்கே போவது என்று தெரியாமல் நான் முதலில் கூப்பிட்டதும் அங்கேதான்.

யாரிடம் போவது

எங்களுக்கு முதலில் அமைந்த ஆள் சரியில்லை. தெரிந்தவர் ஒருவர் அனுப்பிய நம்பர். பத்து செஷனுக்கும் சேர்த்து முன்கூட்டியே பணம் வாங்கினார்கள். முதல் நாளே, பிள்ளையின் பெயரைக் கேட்ட ஐந்தாவது நிமிடத்தில், “கண்ணை மூடிக்கோ, அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு முதல்ல இருந்து சொல்லு” என்றார் அவர். பிள்ளை சொன்னாள், கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிற பிள்ளை அவள். அன்று ராத்திரி மூன்று தடவை அலறி எழுந்தாள். ஒரு வாரம் பள்ளிக்கே போகவில்லை. அந்தப் பணம் போனது போனதுதான். பிள்ளை இரண்டு மாதம் யாரிடமும் பேச மாட்டேன் என்று இருந்துவிட்டாள். அதுதான் பெரிய நஷ்டம்.

அதனால் பணம் கட்டுவதற்கு முன் இதையெல்லாம் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

படிப்பு என்ன, பதிவு எண் என்ன? கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், அதாவது சிகிச்சை தரும் உளவியலாளர், என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிந்திருக்க வேண்டும், பதிவு எண் இருக்கும். மனநல மருத்துவர் என்றால் மருத்துவ கவுன்சில் பதிவு இருக்கும். ‘கவுன்சிலர்’, ‘லைஃப் கோச்’ என்று போட்டுக்கொள்கிற எல்லோருக்கும் இந்தப் பதிவு இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். சரியான ஆள் கோபப்படாமல் எண்ணைச் சொல்லுவார். பெரியவர்களுக்குப் பார்க்கிறவரா, பிள்ளைகளைப் பார்த்துப் பழக்கம் உள்ளவரா என்றும் கேளுங்கள்.

எந்த முறையில் செய்வீர்கள், வீட்டில் பார்த்துக்கொள்கிறவருக்கு அதில் என்ன பங்கு? “பிள்ளையை விட்டுட்டுப் போங்க, நாங்க பார்த்துக்குறோம்” என்று பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

நடந்ததைப் பற்றி எப்போது பேச வைப்பீர்கள்? பேசவே மாட்டோம் என்பதும் சரியான பதில் இல்லை, முதல் நாளே என்பதும் சரியான பதில் இல்லை.

செஷனைப் பதிவு செய்வீர்களா? செய்தால் யார் பார்ப்பார்கள், எங்கே வைப்பீர்கள்? பதிவு வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அப்புறம், செஷனுக்குச் செஷன் பணம் கட்டும்படி இருக்கட்டும்.

இரண்டாவதாக அமைந்தவர் சென்னையில் இருக்கும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், நாங்கள் மேடம் என்று கூப்பிடுகிறவர். முதல் பேச்சு என்னோடும் மைனியோடும் மட்டும், முக்கால் மணி நேரம். பிள்ளையை அவர் பார்க்கவே இல்லை. விபத்துக்கு முன்னால் அவள் எப்படி இருந்தாள், எதற்குச் சிரிப்பாள், என்ன சாப்பிடுவாள் என்று கேட்டார். மட்டிப் பழம் (எங்கள் பக்கத்துச் சின்ன வாழைப்பழம்) என்று நான் சொன்னதை எழுதி வைத்துக்கொண்டு, பிள்ளையைப் பார்த்த முதல் நாள் “மட்டிப் பழம்னா என்ன? நான் பார்த்ததே இல்ல” என்றுதான் தொடங்கினார். பிள்ளை எழுந்து போய் அடுக்களையிலிருந்து ஒரு சீப்புப் பழத்தைத் தூக்கிக்கொண்டு வந்து கேமரா முன்னால் காட்டினாள். அன்று அதைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை.

பேச்சுத் தமிழும் ஒரு விஷயம். எங்கள் பிள்ளை “வெப்ராளமா இருக்கு” என்றபோது அவருக்குப் புரியவில்லை. மனசு பதறித் தவிப்பதை எங்கள் ஊரில் அப்படிச் சொல்வோம். ஆனால் கோபமா, பயமா என்று அவராக ஒரு சொல்லைத் திணிக்கவில்லை. “வெப்ராளம் உடம்புல எங்க இருக்கும்?” என்று கேட்டார். நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். அன்றிலிருந்து அவரும் வெப்ராளம் என்றே சொன்னார். பிள்ளையின் சொல்லைத் திருத்துகிறவரா, எடுத்துக்கொள்கிறவரா என்று கவனியுங்கள். நல்ல ஆளை நான் கண்டுகொண்டது அதில்தான்.

உள்ளே என்ன நடக்கிறது

கொடிய நினைவைச் சுமக்கும் பிள்ளைகளுக்கென்று ஜூடித் கோஹென், ஆன்டனி மன்னரினோ, எஸ்தர் டெப்ளிங்கர் என்ற மூன்று பேர் அமெரிக்காவில் உருவாக்கிய ஒரு முறை இருக்கிறது. டிஎஃப்-சிபிடி என்று சுருக்கிச் சொல்வார்கள், அதிர்ச்சியை மனதில் வைத்து எண்ணத்தையும் நடத்தையையும் சரிசெய்யும் சிகிச்சை. 3 வயது முதல் 18 வரை உள்ளவர்களுக்கு. வழக்கமாக 12 முதல் 16 செஷன். துக்கமும் சேர்ந்திருந்தால் நீளும், எங்களுக்கு 22 ஆனது. வீடியோவில் செய்தும் பலன் கிடைத்ததாக ஆய்வுகள் உண்டு.

நான் புரிந்துகொண்ட வரிசை இது. முதலில், பயம் வந்தால் உடம்பு ஏன் இப்படிச் செய்கிறது என்று பிள்ளைக்குச் சொல்லித் தருவார்கள். உனக்குப் பைத்தியம் இல்லை, உன் உடம்பு உன்னைக் காப்பாற்றப் பார்க்கிறது என்பதுதான் அதன் சாரம். அடுத்து, உடம்பை அடக்கும் வழி. கட்டன்சாயாவை ஊதி ஊதிக் குடிப்பது போல மெதுவாக மூச்சு விடுவது. சுற்றிலும் கண்ணுக்குத் தெரியும் ஐந்து பொருள், தொடக்கூடிய நான்கு, கேட்கும் மூன்று என்று எண்ணுவது. இவற்றை நாளும் வீட்டில் நாமும் கூடச் செய்ய வேண்டும். பிள்ளை நன்றாக இருக்கும்போதே பழக்கினால்தான், வெப்ராளம் வரும்போது கைகொடுக்கும்.

அடுத்தது உணர்வுகளுக்குப் பெயர் வைப்பது. பயம் எவ்வளவு என்று சைபர் முதல் பத்து வரை காட்ட, மேடம் வண்ண அட்டைகள் செய்யச் சொன்னார். பிள்ளை என் வெட்டுத்துணிப் பெட்டியைக் கவிழ்த்தாள். மெல்லிய வெள்ளைத் துணித் துண்டு ஒன்றுமில்லாததற்கு, இளமஞ்சள் லேசான பயத்துக்கு, அப்படியே போய் ஒரு கல்யாணப் பட்டு பிளவுஸில் மிஞ்சிய கருஞ்சிவப்பு பத்துக்கு. மொத்தம் பதினொரு துண்டு. நூலில் கோத்துக் கேமரா பக்கத்தில் தொங்கவிட்டோம். பேச முடியாத நாளில் அவள் ஒரு துண்டைப் பிடித்து ஆட்டினால் போதும், மேடத்துக்குத் தெரிந்துவிடும். வீடியோவில் முகம் முழுதாகத் தெரியாது, கையும் காலும் என்ன செய்கின்றன என்று தெரியவே தெரியாது. அதனால் இப்படிக் கண்ணுக்குத் தெரிகிற ஒரு அடையாளம் பெரிய உதவி.

இவ்வளவும் ஆன பிறகுதான், எங்களுக்கு ஒன்பதாவது செஷனில்தான், நடந்ததைச் சொல்லத் தொடங்கினாள். அதுவும் ஒரு நோட்டில், கொஞ்சம் கொஞ்சமாக. முதல் பக்கம் விபத்து இல்லை. அப்பாவோடு ஸ்கூட்டரில் முதன்முதலில் திற்பரப்பு அருவிக்குப் போன கதை.

இடம், போன், நெட்

பிள்ளை படுக்கிற கட்டிலில் உட்கார வைக்காதீர்கள். கடினமான பேச்சு நடக்கிற இடமும் உறங்குகிற இடமும் ஒன்றாக இருக்க வேண்டாம் என்று மேடம் சொன்னார். கதவு தெரிகிற மாதிரி, முதுகுக்குச் சுவர் இருக்கிற மாதிரி ஒரு நாற்காலி. பக்கத்தில் தண்ணீர், காகிதம், கலர் பென்சில், பிடித்துக்கொள்ள ஒரு தலையணை. ஒவ்வொரு வாரமும் அதே இடம், அதே நேரம்.

போனைக் கையில் கொடுக்க வேண்டாம், கை வலிக்கும், படம் ஆடும். லேப்டாப் இருந்தால் நல்லது. எங்களிடம் இல்லை, போனை மாவு டப்பாமேல் சாய்த்து நிறுத்தினோம். கேமரா பிள்ளையின் கண் மட்டத்தில் இருக்கட்டும். தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது சில பிள்ளைகளுக்குத் தொந்தரவு, அதை மறைக்கும் வசதி ஆப்பில் இருக்கும்.

இதைக் கட்டாயம் செய்யுங்கள்: எல்லா அறிவிப்புகளையும் அணைத்துவிடுங்கள். நான்காவது செஷன் நடுவில், போன் தானாகவே ‘இதே நாளில்’ என்று பழைய போட்டோ ஒன்றைக் கொண்டுவந்து மேலே காட்டியது. அண்ணன் முட்டம் கடற்கரையில் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்கும் படம். பிள்ளை போனைத் தட்டிவிட்டு எழுந்து ஓடினாள். அன்று செஷன் அவ்வளவுதான். போட்டோ ஆப்பின் அமைப்பில் போய் அந்த நினைவூட்டலை நிறுத்தலாம். வாட்ஸ்ஆப் அழைப்பு வராமல் தொந்தரவு செய்யாதே என்பதையும் போட்டு வையுங்கள்.

ஹெட்போன் வாங்குங்கள், காதை முழுதும் மூடாததாக. வெளியே என்ன சத்தம் என்று தெரியாவிட்டால் எங்கள் பிள்ளைக்குப் பயம் கூடியது.

மழையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நமக்கு வருடத்தில் இரண்டு மழை. தென்மேற்குப் பருவத்தின் இடவப்பாதி மழையில் தகர ஷீட் போட்ட அறையில் உட்கார்ந்தால் ஒரு சொல்லும் கேட்காது. ஐப்பசியில் இடி வந்தால் கரண்ட் போகும், கூடவே வைஃபையும் போகும். அதனால் ஓட்டுக்கூரை உள்ள அறைக்கு மாறினோம். போன் முழு சார்ஜில், வைஃபை போனால் உடனே மாற மொபைல் டேட்டா தயாராக. பேச்சிப்பாறை, கடையாலுமூடு பக்கம் மலையில் இருப்பவர்களுக்கு வீடியோ நிற்காது என்றால், சிக்னல் கிடைக்கும் சொந்தக்காரர் வீட்டில் ஒரு அறை கேட்டு வாங்குங்கள், ஆனால் ஒவ்வொரு வாரமும் அதே வீடு.

லைன் அறுந்தால் யார் யாரைக் கூப்பிடுவது என்று முதல் நாளே பேசி வையுங்கள். எங்கள் ஏற்பாடு: மேடம் திரும்ப வருவார், இரண்டு நிமிடத்தில் வராவிட்டால் என் இன்னொரு நம்பருக்குச் சாதாரண அழைப்பு. பிள்ளை நெஞ்சைத் திறந்து ஒன்றைச் சொல்கிற நேரத்தில் படம் உறைந்து நின்றால், தான் சொன்னதால்தான் மேடம் போய்விட்டார் என்று நினைத்துக்கொள்வாள். எங்கள் பிள்ளை அப்படித்தான் நினைத்திருக்கிறாள். “நெட் போனா அது நெட்டோட தப்பு, உன் பேச்சால இல்ல” என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

கதவுக்கு இந்தப் பக்கம்

கூப்பிட்டால் வரும் தூரத்தில் இருக்க வேண்டும், பேச்சு கேட்கும் தூரத்தில் இருக்கக் கூடாது. சின்ன வீட்டில் இது லேசு இல்லை. மேடம் வெளியே ஏதாவது ஒரே மாதிரிச் சத்தம் இருக்கட்டும், ஃபேன், ரேடியோ மாதிரி என்றார். என்னிடம் மெஷின் இருந்தது. கதவைச் சாத்திவிட்டு முன்னறையில் தைத்துக்கொண்டிருப்பேன். பிள்ளை பேசுவது எனக்குக் கேட்காது, நான் இருப்பது அவளுக்குக் கேட்கும்.

ஆறாவதோ ஏழாவதோ செஷன். உள்ளே அழுகிற சத்தம் மாதிரி இருந்தது. என்னையறியாமல் காலை மிதியிலிருந்து எடுத்துவிட்டேன். மெஷின் நின்றது. மூச்சைப் பிடித்துக்கொண்டு கதவுப் பக்கம் காதை வைத்தேன். உள்ளேயும் பேச்சு நின்றது. கொஞ்ச நேரம் கழித்து அவள் குரல்: “அத்தை, நீங்க கேக்கியளா?” எனக்குப் பதில் வரவில்லை. “தையுங்க அத்தை” என்றாள். தைத்தேன். துணி இல்லாத வெறும் மெஷினை, செஷன் முடியும் வரைக்கும் ஓட்டினேன்.

அன்று ராத்திரி அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். இனி கேட்க மாட்டேன் என்று சொன்னேன், கேட்கவும் இல்லை. நமக்குத் தெரிய வேண்டியதைத் தெரபிஸ்ட் நம்மிடம் தனியாகச் சொல்லுவார், அதற்கென்றே மாதம் இரண்டு முறை நேரம் ஒதுக்கினார். உயிருக்கு ஆபத்து, யாரோ துன்புறுத்துகிறார்கள் என்பது போன்றவற்றை அவர் மறைக்க மாட்டார், மறைக்கவும் கூடாது. அதைப் பிள்ளையிடமும் முதல் நாளே சொல்லிவிடுவார். மற்றதெல்லாம் அவளுடையது. முடிந்து வெளியே வரும்போது “என்ன பேசின?” என்று கேட்காதீர்கள். நாங்கள் செஷன் முடிந்ததும் அரை மணி நேரம் ஒன்றும் வைக்கவில்லை. பாடம் இல்லை, டியூஷன் இல்லை. வேகவைத்த மரச்சீனி, கட்டன்சாயா, கோழிக்குத் தீனி போடுவது. அவளாகப் பேசினால் கேட்பேன்.

மைனி மஸ்கட்டில் இருந்தது ஆன்லைன் என்பதால் குறையாகவே தெரியவில்லை. அங்கே மாலை ஆறரை என்றால் இங்கே எட்டு மணி. டியூட்டி முடிந்து யூனிஃபார்மோடு அவர் வருவார், நான் இங்கே, மேடம் சென்னையில். நாகர்கோவிலில் ஒரு அறையில் நேரில் வைத்திருந்தால் அம்மாவுக்கு அங்கே இடமே இருந்திருக்காது.

பதினான்காவது செஷனில் பிள்ளை அந்த நோட்டை எங்களுக்கு வாசித்துக் காட்டினாள். அதற்கு முன் இரண்டு தடவை எங்களை மட்டும் வைத்து மேடம் தயார்ப்படுத்தினார். நாங்கள் உடைந்து அழுதால் பிள்ளை வாசிப்பதை நிறுத்திவிட்டு எங்களைத் தேற்ற வந்துவிடுவாள், அதனால் உங்கள் அழுகையை முதலில் என்னிடம் அழுதுவிடுங்கள் என்றார். வாசித்தாள். மார்த்தாண்டத்தில் கடையை விட்டு இறங்கிய பிறகு, அவள் மினுக்குப் பேனா வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். அண்ணன் திரும்பப் போய் வாங்கிக் கொடுத்திருக்கிறார். பத்து நிமிடம். “நான் பேனா கேக்காம இருந்தா அந்த லாரி முன்னாலேயே போயிருக்கும்” என்று எழுதியிருந்தாள். இதை இத்தனை மாதம் நெஞ்சில் வைத்திருக்கிறாள், எங்கள் யாருக்கும் தெரியாது.

அப்படியெல்லாம் நினைக்காதே என்றுதான் நம் வாயில் வரும். மைனி அதைச் சொல்லவில்லை. கொஞ்சம் பொறுத்து, “பேனா கேட்டது நீ. வாங்கித் தர ஆசைப்பட்டது அப்பா. லாரியை ஓட்டுனது யாரு மக்களே?” என்று கேட்டார். பிள்ளை யோசித்தாள். “டிரைவர்” என்றாள். இளமஞ்சள் துண்டைப் பிடித்து ஆட்டினாள்.

ஆபத்து நேரத்துக்கு

ஒவ்வொரு செஷன் தொடங்கும்போதும் மேடம் மூன்று கேள்வி கேட்பார்: இப்போது எந்த வீட்டில் இருக்கிறீர்கள், பெரியவர் யார் இருக்கிறார், போன் நம்பர் அதேதானா. சென்னையில் இருப்பவருக்குத் திருவட்டாற்றில் யாரை அனுப்புவது என்று தெரியாது அல்லவா? வீட்டு முகவரி, அடையாளம், இரண்டு போன் நம்பர், பக்கத்து மருத்துவமனை எல்லாம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். 2020-இல் வந்த மத்திய அரசின் டெலிமெடிசின் வழிகாட்டுதலிலும், சிறுவர்களை மருத்துவர் பார்க்கும்போது பெரியவர் ஒருவர் உடன் இருக்க வேண்டும், அவர் யாரென்று உறுதி செய்ய வேண்டும் என்று இருக்கிறது. அடையாள அட்டை கேட்டால் கோபப்படாதீர்கள்.

சில பிள்ளைகளுக்கு ஆன்லைன் சரிவராது. மிகச் சிறியவர்கள், தரையில் உட்கார்ந்து கூட விளையாட ஆள் வேண்டும். தற்கொலைப் பேச்சு உள்ளவர்கள், பேச்சின் நடுவே கண் நிலைகுத்தி வெகுநேரம் திரும்பி வராதவர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளையைத் துன்புறுத்திய ஆள் அதே வீட்டில் இருந்தால், அந்த வீட்டிலிருந்து ஒரு நாளும் செஷன் வைக்காதீர்கள். முதலில் 1098-ஐ அழையுங்கள், பிள்ளைகளுக்கான உதவி எண். பாலியல் கொடுமை என்றால், 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி தெரிந்தவர் யாராக இருந்தாலும் புகார் கொடுத்தாக வேண்டும், தெரபிஸ்டும்தான். நேரில் பார்க்க ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. நாங்களும் தொடக்கத்தில் ஒரு தடவை அங்கே போய்க் காட்டினோம். மருந்து தேவையா என்று முடிவு செய்வது மருத்துவர். பிள்ளை உறங்கட்டும் என்று மெடிக்கலில் கேட்டு மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

வீட்டாரும் ஊராரும்

அப்பா வெளியூர் போயிருக்கிறார், சாமிகிட்ட இருக்கிறார் என்றெல்லாம் சொல்லி வைத்திருந்தோம். இறந்துவிட்டார் என்ற சொல்லைச் சொல்லுங்கள் என்றார் மேடம். சொன்னோம். அவளுக்கு எப்போதோ தெரிந்திருந்தது. எங்களுக்காகத்தான் சொல்லாமல் இருந்திருக்கிறாள்.

கயிறு மந்திரித்துக் கட்டச் சொன்னார்கள், ஜெபத்துக்குக் கூட்டிப்போகச் சொன்னார்கள். பிள்ளைக்குப் பயம் தராத எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் தெரபி நாளை எதற்காகவும் மாற்றவில்லை. பேய் பிடித்திருக்கிறது என்று பிள்ளை காதுபடப் பேசிய சொந்தத்தை வாசலோடு திருப்பி அனுப்பினேன். பள்ளியில் வகுப்பு டீச்சருக்கு மட்டும் சொன்னேன்: ரோட்டுப் பக்க ஜன்னல் இருக்கை வேண்டாம், சத்தம் கேட்டு எழுந்து போனால் திட்டாமல் தண்ணீர் குடிக்க விடுங்கள். அவ்வளவு போதும்.

லாரி

மூன்று மாதம் நான் அவளை ஆற்றூர் ரோட்டுப் பக்கமே கூட்டிப் போகவில்லை. சுற்றுவழி, உள்வழி, எத்தனை தூரமானாலும் சரி. நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தேன். ஒதுங்க ஒதுங்கத்தான் பயம் வளரும் என்று மேடம் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அதற்காக நாமாகப் பிள்ளையை இழுத்துக்கொண்டு போய் ரோட்டில் நிறுத்தவும் கூடாது. படி படியாக, பிள்ளையும் சேர்ந்து எழுதிய பட்டியலோடு, தெரபிஸ்ட் சொல்லும் வேகத்தில்.

எங்கள் பட்டியல்: முதலில் லாரியின் படம். அப்புறம் போனில் லாரிச் சத்தம், கூட்டுவதும் குறைப்பதும் அவள் விரலில். அப்புறம் ஓடாத ஸ்கூட்டரில் உட்கார்வது, முற்றத்தில். பிறகு ரோட்டு முனையில் என் கையைப் பிடித்துக்கொண்டு மூன்று டாரஸ் போகும் வரை நிற்பது. அங்கே போனில் மேடமும் எங்களோடு இருந்தார், காதில். முதல் லாரிக்குக் கருஞ்சிவப்பு. இரண்டாவதற்கும் அதே. அவள் நகம் என் உள்ளங்கையில் பதிந்தது. மூன்றாவது வர இருபது நிமிடம் ஆனது. ஊதிக்கொண்டே நின்றாள். வந்தது, போனது. “ஆறு” என்றாள். வீட்டுக்குப் போய் ஆறுக்கு வைத்த செம்மண் நிறத் துண்டைத் தேடி எடுத்துக் காட்டினாள்.

ஒரு படியில் பயம் இறங்கும் வரை அடுத்த படிக்குப் போகவில்லை. இடையில் காய்ச்சல், பரீட்சை, ஒரு மாதம் பின்னால் போனோம், மறுபடி ஏறினோம். கடைசிப் படி பஸ்ஸில் மார்த்தாண்டம். ஸ்கூட்டர் பிறகு, அவளே கேட்டபோது. லாரியைக் கண்டால் ஒதுங்கி நிற்கும் எச்சரிக்கை அவளிடம் இருக்கட்டும், இந்த ரோட்டில் அது வேண்டும். மெஷினுக்கு அடியில் ஒளிய வைத்த பயம் மட்டும் போனால் போதும் என்று தொடக்கத்திலேயே பேசி வைத்திருந்தோம்.

முடிந்த பிறகு

செஷன் வாரம் ஒன்றிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒன்று, மாதம் ஒன்று என்று குறைந்து முடியும். சட்டென்று நிறுத்தாதீர்கள். பிள்ளை ஏற்கெனவே ஒரு ஆளைச் சட்டென்று இழந்தவள். கடைசி நாள் எது என்று ஒரு மாதம் முன்பே சொல்லி, காலண்டரில் அவளையே வட்டம் போட வைத்தோம்.

விபத்து நடந்த தேதி வருடாவருடம் வரும். முதல் ஆண்டுத் திதி வாரத்தில் படுக்கை மறுபடி நனைந்தது. எல்லாம் வீணாய்ப் போனதே என்று பதறினேன். அந்த நாட்களில் அப்படி வருவது வழக்கம்தான் என்றார் மேடம். நான்கு நாளில் அடங்கியது. இந்த வருடம் அந்த வாரத்துக்கு ஒரு செஷன் முன்கூட்டியே பேசி வைத்திருக்கிறோம், மைனி லீவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். அன்று என்ன செய்யலாம் என்று பிள்ளையைக் கேட்டேன். அப்பாவோடு போன திற்பரப்புக்கே போக வேண்டுமாம். பஸ்ஸிலா, ஸ்கூட்டரிலா என்று அன்று காலையில் சொல்கிறேன் என்றாள்.